திறந்த மூல மென்பொருளுக்குப் பேட்ச் அனுப்புவது எப்படி: கொழும்பிலிருந்து தொடங்குவோருக்கான முழுமையான வழிகாட்டி

ஒரு சிறு நூலகத்தின் பட்டியல் மென்பொருளில் "கொழும்பு" என்று தட்டச்சுச் செய்து தேடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சில நூல்கள் அகப்படுகின்றன. அதே சொல்லைத் தலைப்பில் கொண்ட வேறு சில நூல்கள் அகப்படுவதில்லை. திரையில் இரண்டு வகைப் பதிவுகளும் ஒரே மாதிரியே தெரிகின்றன. எழுத்துகளுக்கு எண்குறியீடு தரும் தரமான ஒருங்குறியில் "கொ" என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்க முடியும் என்பதே இதற்குக் காரணம். ககரத்தின் பின்னே ஒகரக் குறியை ஒரே குறியீடாக இடுவது ஒரு முறை. எகரக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாக இடுவது மற்றைய முறை. முதல் முறையில் "கொழும்பு" என்ற சொல் 8 குறியீடுகளாகவும், கோப்பில் சேமிக்கும் யூடிஎஃப்-8 வடிவில் 24 பைட்டுகளாகவும் இருக்கும். இரண்டாவது முறையில் அதுவே 9 குறியீடுகளாகவும் 27 பைட்டுகளாகவும் ஆகிவிடும். பழைய எழுத்துருக்களிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றப்பட்ட கோப்புகளில் இந்த இரண்டாவது வடிவம் அடிக்கடி காணப்படுகிறது. பைட்டுகளை அப்படியே ஒப்பிடும் ஒரு தேடல் நிரலுக்கு இவை இரண்டும் வெவ்வேறு சொற்கள்.

இந்த வழுவை அந்த மென்பொருளை எழுதியவர்கள் தாமாகக் கண்டுபிடிப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. அவர்கள் தமிழில் தேடுவதில்லை. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருந்து நாம்தான் தேடுகிறோம். இவ்வாறான நேரத்தில் இங்கே வழக்கமாக நடப்பது, கணினி தெரிந்த ஒருவர் அந்த நிறுவனத்தில் நிறுவப்பட்டிருக்கும் பிரதியில் மட்டும் ஒரு வரியை மாற்றிவிடுவதாகும். அடுத்த பதிப்புக்கு மாறும்போது அந்த வரி அழிந்துவிடுகிறது. மாற்றியவர் அதற்குள் வேறு வேலைக்குப் போயிருப்பார். வழு திரும்பி வருகிறது. அதே திருத்தத்தை மூலத் திட்டத்துக்கே அனுப்பி ஏற்கச் செய்தால், அதை ஒவ்வொரு புதிய பதிப்பிலும் காப்பது அத்திட்டத்தின் பொறுப்பாகிவிடும். யாழ்ப்பாணம், சென்னை, கோலாலம்பூர் என்று தமிழில் தேடுவோர் எல்லோருக்கும் அது போய்ச் சேரும். அதை எப்படிச் செய்வது என்பதைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை இங்கே விளக்குகிறேன்.

இலங்கைக்கு இது புதிய பாதையன்று. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலைக்குப் பின்னர் இங்குள்ள தன்னார்வலர்கள் உருவாக்கிய சஹானா என்ற அனர்த்த முகாமை மென்பொருள், கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் 2006 ஆம் ஆண்டுக்கான சமூகநலத் திட்ட விருதைப் பெற்றது. அப்பாச்சி அறக்கட்டளையின் இணையச் சேவை மென்பொருளான ஆக்சிஸ்2 திட்டத்தில் இலங்கைப் பொறியியலாளர்களின் பங்கு பெரியது. திறந்த மூலத் திட்டங்களில் மாணவர்களைப் பணியாற்ற வைக்க 2005 இல் தொடங்கிய கூகுள் சம்மர் ஆஃப் கோட் திட்டத்துக்குப் பல ஆண்டுகளாக மிகுதியான மாணவர்களை அனுப்பிவந்த பல்கலைக்கழகங்களுள் மொறட்டுவைப் பல்கலைக்கழகம் முன்வரிசையில் நிற்கிறது.

## பேட்ச் எனப்படுவது

மூலநிரலின் எந்தக் கோப்பில் எந்த இடத்தில் எது நீக்கப்பட்டு எது சேர்க்கப்பட வேண்டும் என்று சொல்லும் எளிய எழுத்துக் கோப்பே பேட்ச். அதை ஒரு மூலநிரலின்மீது தானாகப் பொருத்தும் நிரலை லாரி வால் 1985 இல் வெளியிட்டார். இன்று மூலநிரலை இணையத்தில் வைத்துப் பகிரும் தளமான கிட்ஹப்பின் பொத்தான்களுக்குப் பின்னாலும் ஓடுவது ஏறத்தாழ அதே எண்ணந்தான். ஆகவே பேட்சை வெறுங்கண்ணால் வாசிக்கப் பழகுவது முதல் வேலை. கழித்தல் குறியோடு தொடங்கும் வரி நீக்கப்படுகிறது. கூட்டல் குறியோடு தொடங்கும் வரி சேர்க்கப்படுகிறது. வெற்றிடத்தோடு தொடங்கும் வரி சூழலைக் காட்ட வைக்கப்பட்டது. ஒவ்வொரு பகுதியின் தலையிலும் "-12,7 +12,9" என்பது போன்ற ஓர் எண்தொகுதி இருக்கும். பழைய கோப்பில் 12 ஆம் வரியிலிருந்து 7 வரிகள், புதிய கோப்பில் 12 ஆம் வரியிலிருந்து 9 வரிகள் என்பது அதன் பொருள். மேலும் கீழும் மும்மூன்று வரிகள் சூழலாக இருந்தால், இடையில் ஒரு வரி நீங்கி மூன்று வரிகள் வந்திருக்கின்றன என்று அதிலிருந்தே கணக்கிடலாம்.

உங்கள் பேட்சை மீளாய்வு செய்பவர் முதலில் பார்ப்பது இந்த வரிகளைத்தான். உங்கள் எடிட்டர் தானாக நீக்கிய வரியிறுதி வெற்றிடங்கள், வரிசை மாறிய இறக்குமதிகள், ஒழுங்கு செய்யப்பட்ட அடைப்புக்குறிகள் ஆகிய அனைத்தும் அவர் கண்முன் வந்து நிற்கும். நீங்கள் உண்மையில் செய்த மூன்று வரி மாற்றத்தை அவர் அந்தக் குவியலுக்குள் தேட வேண்டியிருக்கும். நல்ல பேட்சின் இலக்கணத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லலாம்: உங்களை முன்பின் அறியாத ஒருவர், உங்கள்மேல் நம்பிக்கை வைக்க வேண்டிய தேவையே இல்லாமல், வாசித்த மாத்திரத்தில் சரியென்று உறுதிசெய்யக்கூடியதாக அது இருக்க வேண்டும். இனிச் சொல்லப்போகும் ஒவ்வொரு படியும் இந்த ஒன்றிலிருந்தே பிறக்கிறது.

## எந்தத் திட்டம், எந்தப் பிரச்சினை

நீங்கள் நாள்தோறும் பயன்படுத்தும் மென்பொருளையே தெரிவு செய்யுங்கள். புகழ் பெற்ற திட்டத்தில் பெயர் வர வேண்டும் என்பதற்காகப் பயன்படுத்தாத ஒன்றுக்குள் நுழைவோர், எது வழு, எது வேண்டுமென்றே வைக்கப்பட்ட நடத்தை என்று பிரித்தறிய இயலாமல் இடைவழியில் நின்றுவிடுவதே பெரும்பாலும் நடக்கிறது. திட்டம் உயிரோடு இருக்கிறதா என்பதையும் பாருங்கள். கடந்த சில மாதங்களில் கமிட்டுகள், அதாவது நிரலின் வரலாற்றில் பதியப்படும் மாற்றங்கள், சேர்ந்திருக்கின்றனவா, வெளியார் அனுப்பிய மாற்றங்களுக்குப் பதில் கிடைத்திருக்கிறதா என்று பத்து நிமிடம் பார்த்தாலே தெரிந்துவிடும். பதிலின்றிக் கிடக்கும் கோரிக்கைகள் நிறைந்த திட்டத்துக்கு உங்கள் முதல் உழைப்பைக் கொடுக்காதீர்கள்.

தமிழில் கணினியைப் பயன்படுத்துவோருக்கு வழுக்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. பெயர்ப் புலத்தில் தமிழ்ப் பெயரை இட்டால் "எழுத்துகள் மட்டுமே அனுமதி" என்று மறுக்கும் படிவங்கள் பல உண்டு. பைத்தான் மொழியில் ஒரு சொல் முழுவதும் எழுத்துகளால் ஆனதா என்று கேட்கும் இஸ்ஆல்ஃபா என்ற செயற்பாடு, "தமிழ்" என்ற சொல்லுக்கு இல்லை என்றே விடை தரும்; ஏனெனில் இகரக் குறியும் புள்ளியும் ஒருங்குறியின் வகைப்பாட்டில் எழுத்துகளாகக் கருதப்படுவதில்லை, சேர்குறிகளாகக் கருதப்படுகின்றன. இன்னொரு நிரல் தலைப்பை 30 பைட்டில் வெட்டினால் நமக்குக் கிடைப்பது 10 குறியீடுகள் மட்டுமே. 32 பைட்டில் வெட்டினால் கடைசிக் குறியீடு நடுவில் அறுபட்டுக் கேள்விக்குறியாகத் தெரியும். குடும்பப் பெயரைக் கட்டாயமாகக் கேட்கும் படிவம், தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னே வைத்து எழுதும் நமக்குப் பொருந்துவதில்லை. இவற்றையெல்லாம் திருத்தத் தேவைப்படும் நிரல் பெரும்பாலும் மிகச் சிறியது. தேவைப்படும் அறிவு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது.

முதல் பேட்சாக வாசிப்புக் கோப்பில் ஒரு காற்புள்ளியை மாற்றி அனுப்பும் வழக்கத்தை நான் பரிந்துரைக்கமாட்டேன். 2020 ஒக்டோபரில் ஒரு சட்டைப் பரிசுக்காக ஆயிரக்கணக்கானோர் அப்படி அனுப்பிய பயனற்ற மாற்றங்களால் திட்டங்களைப் பொறுப்பேற்று நடத்தும் பராமரிப்பாளர்கள் சலித்துப்போய், ஹாக்டோபர்ஃபெஸ்ட் என்ற அந்நிகழ்வின் அமைப்பாளர்கள் தாமாக முன்வந்து சேரும் திட்டங்களுக்கு மட்டும் என்று விதியையே மாற்ற வேண்டியதாயிற்று. ஆவணத்தில் உண்மையான பிழை இருந்தால் திருத்துங்கள். அது மதிப்புள்ள வேலை.

## நிரலைத் தொடுமுன் வாசிக்க வேண்டியவை

திட்டங்களின் மூலநிரலை வைத்திருக்கும் களஞ்சியங்களில் பெரும்பாலானவற்றில் பங்களிப்போருக்கான அறிவுறுத்தல் கோப்பு ஒன்று இருக்கும். அதை முழுமையாக வாசியுங்கள். மாற்றத்தை இணைக்குமாறு தளத்தின் வழியே கோரும் புல் ரிக்வெஸ்டாகக் கேட்கிறார்களா, மின்னஞ்சலில் கேட்கிறார்களா, நிரலின் இணையாக வளரும் வடிவங்களுள், அதாவது கிளைகளுள், எதன்மீது வேலை செய்ய வேண்டும், சோதனைகளை எப்படி ஓட்ட வேண்டும் என்பவை அதில் இருக்கும். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளால் எழுதப்பட்ட நிரலைப் பற்றிய கொள்கையையும் பாருங்கள். ஜென்டூ, நெட்பிஎஸ்டி போன்ற இயங்குதளத் திட்டங்கள் 2024 இலேயே அத்தகைய நிரலை ஏற்பதில்லை என்று அறிவித்துவிட்டன. ஏற்கும் திட்டங்களிலும், ஒவ்வொரு வரியையும் நீங்களே விளக்க முடியாத பேட்சை அனுப்பக்கூடாது.

அடுத்தது உரிமை. நீங்கள் ஒரு நிறுவனத்தில் மென்பொருள் எழுதுபவராக இருந்தால், 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, தொழிலின் போக்கில் ஆக்கப்பட்ட படைப்பின் பொருளாதார உரிமைகள், ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லப்பட்டிருந்தாலன்றி, தொழில்தருநருக்கே உரியவை. உங்கள் நியமன ஒப்பந்தத்தை எடுத்து வாசியுங்கள். வேலைக்கு வெளியே எழுதுபவற்றையும் கோரும் வாசகங்கள் சில ஒப்பந்தங்களில் இருக்கின்றன. ஐயம் இருந்தால் மேலதிகாரியிடம் மின்னஞ்சலில் அனுமதி கேட்டு, வந்த பதிலைச் சேமித்து வைப்பது போதும்.

இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான லினக்ஸ் கருவும் வேறு பல திட்டங்களும் ஒவ்வொரு கமிட்டின் அடியிலும் "சைன்ட்-ஆஃப்-பை" என்ற வரியைக் கேட்கின்றன. லினக்ஸில் தன் நிரல் கலந்திருப்பதாகக் கூறி எஸ்சிஓ நிறுவனம் 2003 இல் தொடுத்த வழக்கு நிரலின் மூலம் எங்கே என்ற கேள்வியை எழுப்பியதை அடுத்து, 2004 இல் இந்த நடைமுறை வந்தது. அந்த வரியைச் சேர்ப்பதன் மூலம், இந்த நிரலை இந்த உரிமத்தின் கீழ் தருவதற்கு எனக்கு உரிமை உண்டு என்று நீங்கள் உறுதி கூறுகிறீர்கள். கமிட் செய்யும்போது "-எஸ்" என்ற தெரிவைச் சேர்த்தால், மாற்றங்களின் வரலாற்றைப் பேணும் கருவியான கிட் அதைத் தானாக எழுதிவிடும். சில திட்டங்கள் தனியான உடன்படிக்கையில் கையொப்பம் கேட்கும். அதையும் வாசித்த பின்னரே ஒப்புங்கள்.

## மூலநிரலைப் பெறுவதும் வழுவை மீண்டும் தோற்றுவிப்பதும்

கட்டளைகளின் பெயர்களை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டச்சுச் செய்ய வேண்டும்.

முதலில் "கிட் கான்ஃபிக்" கட்டளையால் உங்கள் பெயரையும் மின்னஞ்சலையும் பதியுங்கள். நம் பெயர்களுக்கு ஆங்கிலத்தில் பல எழுத்துக்கூட்டல்கள் உண்டு. முதலெழுத்து முன்னே வருவதும் உண்டு, பின்னே வருவதும் உண்டு. ஒன்றைத் தீர்மானித்து எல்லாத் திட்டங்களிலும் அதையே பயன்படுத்துங்கள். கமிட்டில் எழுதிய பெயரும் மின்னஞ்சலும் திட்டத்தின் வரலாற்றில் நிரந்தரமாக நின்றுவிடும். எனவே அலுவலக மின்னஞ்சலைத் தவிர்த்து உங்களோடு இருக்கப்போகும் முகவரியைக் கொடுங்கள்.

கிட்ஹப்பில் உள்ள திட்டமென்றால் "ஃபோர்க்" பொத்தானை அழுத்தி உங்கள் கணக்கில் ஒரு பிரதி எடுத்து, அதை "கிட் குளோன்" கட்டளையால் கணினிக்குக் கொண்டு வாருங்கள். மூலத் திட்டத்தின் முகவரியை "கிட் ரிமோட் ஆட்" மூலம் "அப்ஸ்ட்ரீம்" என்ற பெயரில் சேர்த்துவிடுங்கள். புதிய மாற்றங்களை அங்கிருந்தே பெற வேண்டும். கைபேசி டேட்டாவை நம்பி வேலை செய்வோர் ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும்: பெரிய திட்டங்களின் முழு வரலாறு பல கிகாபைட் வரை போகும். "டெப்த் 1" என்ற தெரிவு கடைசி நிலையை மட்டும் இறக்கும். "ஃபில்டர்" தெரிவில் கோப்புகளின் உள்ளடக்கமான பிளாப்களைத் தவிர்க்கச் சொன்னால் கமிட் வரலாறு முழுவதும் வந்து, பழைய கோப்புகளின் உள்ளடக்கம் தேவைப்படும்போது மட்டும் வரும். இரண்டாவதே நல்லது. முழுமையாகவே வேண்டுமென்றால் இரவு நேர டேட்டாவில் ஒருமுறை இறக்கி வையுங்கள். அப்படி ஒருமுறை முழுமையாக வந்த பின்னர் கிளை பிரிப்பது, கமிட் செய்வது, வரலாற்றைப் புரட்டுவது எல்லாம் இணையமின்றியே நடக்கும்.

இனி எந்த மாற்றமும் செய்யாமல் மூலநிரலிலிருந்து மென்பொருளைக் கட்டி, சோதனைகளை ஓட்டுங்கள். ஏற்கெனவே தோல்வியடையும் சோதனைகள் எவையென்று இப்போதே குறித்து வைக்காவிட்டால், பின்னர் அந்தத் தோல்விகள் உங்கள் மாற்றத்தால் வந்தவையோ என்று குழம்புவீர்கள்.

பின்னர் வழுவை மீண்டும் தோற்றுவியுங்கள். முறைப்பாடு எழுதும்போது "தமிழில் தேடல் வேலை செய்வதில்லை" என்ற வாக்கியத்தால் ஒரு பராமரிப்பாளருக்கு எந்தப் பயனும் இல்லை. நம் நூலக உதாரணத்தில், ஒரே சொல்லை இரண்டு வடிவங்களிலும் எழுதிய இரண்டு பதிவுகளை உருவாக்கி, ஒவ்வொன்றின் குறியீட்டு எண்களையும் வரிசையாகக் காட்டி, எதைத் தேடினால் எது வருகிறது, எது வர வேண்டும் என்று நான்கு வரியில் எழுத வேண்டும். அவருக்குத் தமிழ் தெரிய வேண்டியதில்லை. எண்களை ஒப்பிட்டாலே விளங்கிவிடும். முன்பு வேலை செய்து இடையில் கெட்டுப்போன வழுவென்றால், "கிட் பைசெக்ட்" கட்டளை எந்தக் கமிட்டில் கெட்டது என்பதைப் பாதி பாதியாகப் பிரித்துக் கண்டுபிடிக்கும். ஆயிரம் கமிட்டுகளுக்கு ஏறத்தாழ பத்துச் சோதனை போதும்.

அதே வழு ஏற்கெனவே பதியப்பட்டிருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அதன் கீழ் உங்கள் விவரத்தைச் சேருங்கள். மாற்றம் பெரியதென்றால், நிரல் எழுதுமுன் உங்கள் எண்ணத்தைச் சொல்லிக் கருத்துக் கேளுங்கள். ஒரு வாரம் உழைத்து எழுதியதை, இந்தத் திசையில் நாங்கள் போக விரும்பவில்லை என்று மறுக்கும் ஒரே வரிப் பதிலுக்கு இழப்பது மிகவும் வருத்தமானது. வழு பாதுகாப்பு தொடர்பானதென்றால் பொது இடத்தில் எழுதவே வேண்டாம். அதற்கென ஒரு தனி முகவரியைத் திட்டம் குறிப்பிட்டிருக்கும். அங்கே மட்டும் அறிவியுங்கள்.

## மாற்றத்தை எழுதுதல்

"கிட் ஸ்விட்ச்" கட்டளையோடு "-சி" தெரிவைச் சேர்த்துப் புதிய கிளை ஒன்றைத் தொடங்குங்கள். முதன்மைக் கிளையில் நேரடியாக வேலை செய்யாதீர்கள்.

நம் உதாரணத்தில் திருத்தம் எளியது. ஒருங்குறி வரையறுத்த என்எஃப்சி என்ற வடிவம், பிரிந்து கிடக்கும் கொம்பையும் காலையும் ஒரே குறியீடாக இணைத்துவிடும். பைத்தானில் யூனிகோட்டேட்டா தொகுதியின் நார்மலைஸ் செயற்பாடு இதைச் செய்கிறது. அதைத் தேடல் சொல்லுக்கும், தேடுவதற்கென மென்பொருள் வைத்திருக்கும் பட்டியலான சுட்டியில் சேரும் தலைப்புக்கும் பயன்படுத்தினால் முடிந்தது. எழுதிய பின்னர் ஒரு சோதனையையும் சேருங்கள்: பிரிந்த வடிவில் பதிந்த "கொழும்பு" என்ற தலைப்பு, இணைந்த வடிவில் தேடும்போது கிடைக்க வேண்டும். திருத்தத்தை நீக்கினால் அந்தச் சோதனை தோற்கிறதா என்று ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். திருத்தம் இல்லாதபோதும் வெற்றி பெறும் சோதனை எதையும் நிரூபிப்பதில்லை. சோதனைக் கோப்பில் அந்த எழுத்துகளை நேரடியாக எழுதாமல் குறியீட்டு எண்களாக எழுதுவது நல்லது. ஏதாவது ஓர் எடிட்டர் தானே இணைத்துவிட்டால் சோதனையின் பொருளே போய்விடும்.

இந்த இடத்தில் ஒரு தூண்டுதல் வரும். "கௌரி" என்ற பெயரைப் பலர் ஔகாரக் குறிக்குப் பதிலாக எகரக் கொம்பும் ளகரமும் இட்டுக் "கெளரி" என்று எழுதுகிறார்கள். அதுவும் தேடலில் அகப்படாது. என்எஃப்சி இதைச் சரிசெய்யாது. ஏனெனில் ளகரம் தனி எழுத்து, ஔகாரக் குறியின் பிரிந்த வடிவில் வருவது வேறொரு குறியீடு. இதையும் சேர்த்தே திருத்திவிடுவோம் என்று தோன்றும். சேர்க்காதீர்கள். முதலாவது, ஒருங்குறித் தரத்தையே சான்றாகக் காட்டக்கூடிய, எந்த மொழிக்கும் தீங்கற்ற மாற்றம். இரண்டாவது, தமிழுக்கு மட்டும் உரிய ஊகம். "கெளிறு" என்று மீனின் பெயரை எழுதும்போது அந்த ளகரம் சரியான ளகரமே. இரண்டையும் ஒரே பேட்சில் வைத்தால், இரண்டாவதைப் பற்றிய விவாதம் முடியும்வரை முதலாவதும் காத்துக் கிடக்கும். ஒரு பேட்ச், ஒரு காரியம். மற்றையதைத் தனியாக அனுப்புங்கள்.

நிரலின் நடையில் உங்கள் விருப்பத்தைத் திணிக்க வேண்டாம். சுற்றியிருக்கும் வரிகள் டாப் விசையால் உள்தள்ளப்பட்டிருந்தால் நீங்களும் டாபிலேயே தள்ளுங்கள். லினக்ஸ் கருவில் செக்பேட்ச் என்ற நிரல் இதைச் சரிபார்க்கும். மற்றத் திட்டங்களும் தத்தமக்குரிய கருவிகளை வைத்திருக்கும். "கிட் டிஃப்" கட்டளையோடு "செக்" தெரிவைச் சேர்த்தால் தேவையற்ற வெற்றிடங்கள் தெரிந்துவிடும். "கிட் ஆட்" கட்டளையை "-பி" தெரிவோடு பயன்படுத்துவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு துண்டையும் காட்டி இதைச் சேர்க்கவா என்று அது கேட்பதால், சோதிப்பதற்காக எழுதிய அச்சிடும் வரிகள் உள்ளே நழுவாமல் நின்றுவிடும்.

## கமிட் குறிப்பு

நிரலுக்கு இணையான கவனத்தை இதற்குத் தாருங்கள். பத்து ஆண்டு கழித்து ஒருவர் அந்த வரியைப் பார்த்து இது எதற்காக இங்கே இருக்கிறது என்று வியக்கும்போது, அவருக்கு விடை சொல்ல இந்தக் குறிப்பு ஒன்றே இருக்கும். முதல் வரி சுருக்கம். ஏறத்தாழ 50 எழுத்துக்குள், கட்டளை வடிவில். பின்னர் ஒரு வெற்று வரி. பின்னர் 72 எழுத்துக்கு ஒருமுறை மடித்து எழுதிய விளக்கம். உண்மையில் ஆங்கிலத்தில் எழுத வேண்டிய அந்தக் குறிப்பின் பொருளைத் தமிழில் தருகிறேன்:

"தேடல்: ஒப்பிடுமுன் எழுத்துகளை என்எஃப்சி வடிவுக்கு மாற்று.

தமிழில் ஒகர, ஓகார, ஔகார உயிர்மெய்க் குறிகளை ஒரே குறியீடாகவோ இரண்டு குறியீடுகளாகவோ சேமிக்கலாம். ஒருங்குறி இவற்றைச் சமமென்று வரையறுத்தாலும் தேடல் பகுதி பைட்டுகளை ஒப்பிடுவதால், ஒரு வடிவில் பதிந்த தலைப்பு மற்றைய வடிவில் தேடும்போது கிடைப்பதில்லை. சுட்டியில் சேர்க்கும்போதும் தேடல் சொல்லைப் பெறும்போதும் என்எஃப்சிக்கு மாற்றுகிறோம். ஏற்கெனவே உள்ள பதிவுகளுக்குச் சுட்டியை மீண்டும் அமைக்க வேண்டும்."

எது கெட்டிருக்கிறது, ஏன் கெட்டது, எப்படித் திருத்தப்படுகிறது, திருத்தத்தால் யாருக்கு என்ன வேலை ஏற்படும் என்ற நான்கும் அதில் இருக்கின்றன. வழுப் பதிவின் இலக்கத்தையும், திட்டம் கேட்டால் சைன்ட்-ஆஃப்-பை வரியையும் அடியில் சேருங்கள்.

## அனுப்புதல்

அனுப்புமுன் அப்ஸ்ட்ரீமின் புதிய நிலையைப் பெற்று, "கிட் ரீபேஸ்" மூலம் உங்கள் கமிட்டுகளை அதன்மேல் ஏற்றி, சோதனைகளை மீண்டும் ஓட்டுங்கள். கிட்ஹப் அல்லது கிட்லாப் வழியென்றால் "கிட் புஷ்" செய்து, அங்கே தோன்றும் பொத்தானை அழுத்திக் கோரிக்கையைத் திறந்து, வழுவோடு இணைத்துவிட்டால் போதும்.

மின்னஞ்சல் வழி சற்றுக் கவனம் வேண்டுவது. லினக்ஸ் கருவும் கிட் திட்டமும் இன்றும் இவ்வழியையே கொண்டுள்ளன. "கிட் ஃபார்மட்-பேட்ச்" ஒவ்வொரு கமிட்டையும் ஒரு மின்னஞ்சலாக எழுதித் தரும்; "கிட் சென்ட்-இமெயில்" அதை அனுப்பும். ஜிமெயில் பயன்படுத்துவோர் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கி, இதற்கெனத் தனிச் செயலிக் கடவுச்சொல் எடுக்க வேண்டும். ஜிமெயிலின் இணையப் பக்கத்தில் பேட்சை ஒட்டி அனுப்பினால் டாப்கள் வெற்றிடங்களாகி, வரிகள் மடிந்து, பேட்ச் பொருந்தாமற் போகும். லினக்ஸ் கருவில் யாருக்கு அனுப்புவது என்பதை மெயின்டெயினர்ஸ் கோப்பும் அதை வாசிக்கும் கெட்-மெயின்டெயினர் நிரலும் சொல்லும். பிறருக்கு அனுப்புமுன் உங்கள் முகவரிக்கே ஒருமுறை அனுப்பி, வந்ததைச் சேமித்து, "கிட் ஏஎம்" கட்டளையால் பொருத்திப் பாருங்கள்.

கடிதத்தின் தொனியைப் பற்றி நம்மவர்க்கு ஒரு சொல். ஐயா என்று விளித்து, தயவுடன் கேட்டுக்கொள்கிறேன் என்று தொடங்கி, என் சிறு முயற்சியில் குறையிருந்தால் பொறுத்தருள்க என்று முடிக்கும் கடித மரபு நம் பள்ளிகளில் ஊட்டப்பட்டது. அங்கே அதற்குத் தேவையில்லை. ஒரு வணக்கம், விடயம், நன்றி. இவ்வளவே மரியாதையாகக் கொள்ளப்படும்.

## மீளாய்வு

உங்கள் பேட்ச் ஒரே தடவையில் ஏற்கப்படாமல் திரும்பி வருவது இயல்பு. தன்னியக்கச் சோதனைகள் முதலில் ஓடும். சிவப்பாக வந்தால் மனிதர் பார்க்குமுன் நீங்களே காரணத்தைப் பார்த்துத் திருத்துங்கள். அதன்பின் வரும் கேள்விகள் சில கூர்மையாகவும், முகமன் எதுவுமின்றியும் இருக்கும். மூத்தவர் சொல்லை மறுத்துப் பேசுவது மரியாதைக் குறைவு என்று வளர்ந்த நாம், இங்கே இரண்டு தவறான வழிகளுள் ஒன்றில் விழுகிறோம்: சரியென்று படாததற்கும் தலையாட்டிவிடுகிறோம், அல்லது மனம் நொந்து பதிலே எழுதாமல் விட்டுவிடுகிறோம். கேள்வி நிரலைப் பற்றியது. உங்களிடம் காரணம் இருந்தால் சான்றோடு சொல்லுங்கள், இல்லையென்றால் திருத்துங்கள்.

நம் உதாரணத்தில் பராமரிப்பாளர் இப்படிக் கேட்கக்கூடும்: ஏற்கெனவே இலட்சம் பதிவுகள் கொண்ட நூலகம் மேம்படுத்தும்போது என்ன ஆகும்? வியட்நாமிய எழுத்துகளுக்கு இது தீங்கு செய்யாதா? சேமித்த தலைப்பையே மாற்றுகிறீர்களா, சுட்டியை மட்டுமா? இவை உங்களை மடக்கக் கேட்கும் கேள்விகளல்ல. நாளை அந்த நூலகங்களின் முறைப்பாட்டுக்குப் பதில் சொல்லப்போகிறவர் அவர்தான். மூல வடிவைத் தொடாமல் சுட்டியில் மட்டும் மாற்றுகிறோம், என்எஃப்சி எல்லா மொழிகளுக்கும் ஒருங்குறியாலேயே வரையறுக்கப்பட்டது, மீள்சுட்டிக்கு இந்தக் கட்டளை என்று ஒவ்வொன்றுக்கும் அதன் கீழேயே விடை எழுதுங்கள். அந்த விடைகளில் நிலையானவற்றைக் கமிட் குறிப்பிலும் சேருங்கள்.

புதியவரிடம் பராமரிப்பாளர்கள் காட்டும் எச்சரிக்கைக்கும் காரணம் உண்டு. 2024 மார்ச் 29 ஆம் திகதி எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளில், கணினிக்குள் இரகசியமாக நுழைய வழிசெய்யும் பின்கதவு ஒன்று வெளிப்பட்டது. நீண்ட காலம் பேட்சுகள் அனுப்பி நம்பிக்கை பெற்று இணைப் பராமரிப்பாளரான ஒருவர், சோதனைக்கான இருமக் கோப்புகளுக்குள் அதை மறைத்து வைத்திருந்தார். ஆகவே வாசிக்க முடியாத கோப்புகளை உங்கள் பேட்சில் சேர்க்காதீர்கள். சேர்க்கவே வேண்டுமென்றால் அது எப்படி உருவானது என்று காட்டுங்கள்.

திருத்திய வடிவை அனுப்பும்போது, "திருத்தம் 1", "திருத்தம் 2" என்று கமிட்டுகளை அடுக்காமல், "கமிட் அமென்ட்" அல்லது ரீபேஸ் மூலம் முதல் கமிட்டையே சீராக்கி அனுப்புவதைப் பல திட்டங்கள் விரும்புகின்றன. மின்னஞ்சல் வழியில் தலைப்பில் "வி2" என்று குறித்து, முன்னையதிலிருந்து எது மாறியது என்பதை மூன்று சிறு கோடுகளுக்குக் கீழே எழுத வேண்டும்; அப்பகுதி வரலாற்றில் சேராது, வாசிப்பவருக்கு மட்டும் உதவும்.

பதில் வராவிட்டால் பொறுத்திருங்கள். ஒரு வாரமாவது கழித்தே நினைவூட்ட வேண்டும் என்று லினக்ஸ் கருவின் ஆவணம் கூறுகிறது. ஏனைய திட்டங்களுக்கும் அது நல்ல அளவு. நாம் காலையில் அனுப்புவது ஐரோப்பாவில் இருப்பவருக்கு விடியுமுன் போய்ச் சேர்கிறது. பலர் இதைச் சம்பளமின்றி, மாலை வேளைகளில் செய்கிறார்கள். மறுக்கப்பட்டால் காரணத்தைக் கேட்டறியுங்கள். உங்களுக்கு அந்த மாற்றம் இன்றியமையாதது என்றால், செருகுநிரலாக எழுத முடியுமா என்று பாருங்கள்.

## நிரல் எழுதாதோர்க்கு

பேட்ச் என்றால் நிரல் மட்டுமே என்று கொள்ள வேண்டியதில்லை. கோஹா என்ற நூலக மென்பொருளில், யாராவது ஒருவர் பேட்சைப் பொருத்திப் பார்த்து இது வேலை செய்கிறது என்று ஒப்பமிட்ட பின்னரே அது தரச் சோதனைக் குழுவிடம் போகும். அந்த ஒப்பத்தை ஒரு நூலகரே இடலாம். தமிழ் மொழிபெயர்ப்பில் இலங்கை வழக்கும் தமிழக வழக்கும் வேறுபடும் இடங்களில், இருக்கும் குழுவோடு பேசி முடிவு செய்வதும் இவ்வகைப் பங்களிப்பே. தனியாக ஒரு மொழிபெயர்ப்பைத் தொடங்கிப் பாதியில் விடுவதைக் காட்டிலும் அது பயனுள்ளது.

## ஏற்கப்பட்ட பின்னர்

இணைக்கப்பட்டது என்ற அறிவிப்பு வந்ததும் உங்கள் நூலகத்தில் வழு நீங்கிவிடாது. அந்த மாற்றம் அடுத்த வெளியீட்டில் வரும். டெபியன் நிலைப் பதிப்பையோ உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பையோ பயன்படுத்தும் கணினிகளில் மென்பொருளின் பழைய பதிப்பே ஆண்டுக்கணக்கில் இருக்கும். பழைய கிளைக்கும் இதைக் கொண்டுபோக முடியுமா என்று வழுப் பதிவிலேயே பராமரிப்பாளரிடம் கேளுங்கள். சிறிய, சோதனையோடு கூடிய திருத்தமென்றால் ஒப்புக்கொள்ள வாய்ப்பு அதிகம். அதுவரை உள்ளூர்ப் பிரதியில் அதே பேட்சைப் பொருத்தி, எந்தக் கமிட்டிலிருந்து எடுக்கப்பட்டது, எந்தப் பதிப்பு வந்ததும் நீக்கலாம் என்பதை நிறுவனத்தின் பதிவேட்டில் எழுதி வையுங்கள். புதிய பதிப்பு நிறுவப்பட்ட அன்று "கொழும்பு" என்று இரண்டு வடிவிலும் தேடிப் பார்த்து, சுட்டியை மீண்டும் அமைத்து, அந்த உள்ளூர்ப் பேட்சை நீக்கிவிடுங்கள். அடுத்த சில மாதங்களுக்கு அந்தப் பகுதியில் புதிய முறைப்பாடுகள் வருகின்றனவா என்று கவனித்து, வந்தால் முதலில் பதில் சொல்பவராக நீங்களே இருங்கள். "கெளரி"க்கான இரண்டாவது பேட்சை அதன்பின் அனுப்பலாம்.